வராத நரி

ஏரிக்கரைப் பொட்டலில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஓர் ஆட்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. பயந்த சுபாவம் அதற்கு. சருகு அசைந்தாலும், ஆடு தும்மினாலும், நரிதான் வந்துவிட்டது என்று கத்திக்கொண்டே எழும்பிவிடும். இறங்கிய பிறகும் வெகுநேரம் நெஞ்சு படபடக்கும்.

"ஆளைக் காட்டத்தான் நமக்கு ஆட்காட்டின்னு பேரு. ஆட்டையுமா காட்டணும்?" என்று ஆண் குருவி கேலி செய்யும்.

"உங்களுக்கென்ன, ஒத்தைக் கால்ல நின்னே தூங்கிடுவீங்க" என்று அது வெடுக்கென்று சொல்லும்.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் ஓடவும் பறக்கவும் கற்றுக்கொண்டன. நரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் தாய்க்குருவிக்கு இரை இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. இறகு கொட்டி, மார்பெலும்பு துருத்திக்கொண்டது. குஞ்சுகள் அக்கரைக்குப் பறந்துபோன அன்று, தாய்க்குருவியால் தரையைவிட்டு எழும்ப முடியவில்லை.

ஆண் குருவி பதறிப்போய் அருகில் வந்தது.

"இத்தனை நாளா எதுவுமே வரலையேம்மா. எதுக்காக இப்படி உருகிப்போனே?"

தாய்க்குருவி சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தது. அதன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நான் முழிச்சிருந்தேன்ல, அதனாலதான் வரல" என்றது. அதன் பிறகு அது பேசவே இல்லை.