சஹனில் நீண்ட கை

ஒரு ஊர்ல ஒரு நெல் மண்டிக்காரர் இருந்தாராம். ரொம்பக் காலத்துக்கு முந்தி இல்லை, போன குறுவை அறுப்பு சமயத்துலதான். ஊர் நாகப்பட்டினம். பேர் பக்கீர் முகம்மது.

அவர் மருமகன் ஷேக் பரீதுக்குச் சின்ன வயசுலேருந்தே சுகர். ஊசியிலேயே ஓடின உடம்பு. சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில, இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவானோட கணையத்துலேருந்து இன்சுலின் சுரக்கிற செல்லை மட்டும் பிரிச்செடுத்து, பரீத் உடம்புல ஏத்தி அனுப்பியிருந்தாங்க.

டாக்டர் நிறையச் சொன்னார். புதுச் செல் நட்ட நாத்து மாதிரி, பச்சை பிடிக்கிற வரைக்கும் இனிப்பைத் தின்னு பாரம் ஏத்தினா செத்துப்போயிடும், அப்புறம் பழையபடி ஊசிதான்னார். செல் கெடாம இருக்க ஆன்டி ஆக்ஸிடன்ட் மருந்து சேர்த்திருக்கோம்னும் சொன்னார்.

பக்கீர் முகம்மது காதுல தங்கினது அந்தக் கடைசி விஷயம் மட்டும்தான்.

ஊர் திரும்பினதும் செல்போனைத் தட்டிப் பார்த்தார். பேரீச்சம்பழத்துல ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்குன்னு போட்டிருந்தது. போதாதா? மருமகன் பிழைச்சு வந்ததுக்கு விருந்து வெச்சார். பிரியாணிக்கு மேல நெய் சொட்டச் சொட்டப் பேரீச்சம்பழ அல்வா. சுகருக்கு அல்வாவால வழியனுப்பு விழா நடத்தின ஆள், எனக்குத் தெரிஞ்சு அவர் ஒருத்தர்தான்.

மகள் சுமையா என்னமோ சொல்ல வந்தாள். "டாக்டருக்குப் படிச்சவ நீயா, நானா?"ன்னு கேட்டார். ரெண்டு பேரும் படிக்கலை. ஆனாலும் அவள்தான் அடங்கிப்போனாள்.

நாலு பேர் சுத்தி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டுல சாப்பிடுற சஹன் விருந்து. அவரவர் தன் பக்கத்துலேருந்துதான் எடுக்கணும், அதுதான் மரியாதை. பரீத் பக்கத்துல வந்து உட்கார்ந்தவர் அப்சர். வேதாரண்யத்துல இருக்கிற தூரத்துச் சொந்தம். பிரியாணி வாசனைக்கு பஸ் ஏறுற ஆள்னு பேர் வாங்கினவர்.

பக்கீர் முகம்மது தன் கையாலேயே மருமகன் பக்கம் அல்வாவை அள்ளி வெச்சார். வெச்சுட்டு நிமிர்றதுக்குள்ள அப்சர் கை நீண்டு அதை வழிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. மறுபடி வெச்சார். மறுபடியும் வழிச்சார். பரீத், பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

பக்கீர் முகம்மது முதல்ல முறைச்சுப் பார்த்தார். அப்புறம் இருமிப் பார்த்தார். அப்சருக்குப் படைச்ச ரப்பு குடுத்தது ரெண்டு கை, நாலு வயிறுன்னு எல்லாரும் கேக்கச் சொன்னார். சபையே சிரிச்சது. வாய் நிறைய அல்வாவோட அப்சரும் சிரிச்சார்.

அடுத்த தடவை கை நீண்டப்ப, மணிக்கட்டைப் பிடிச்சுட்டார்.

"ஏன் அப்சரு, உன் வீட்டுல அடுப்பே எரியறதில்லையா? நோயில கிடந்து வந்த புள்ள பங்கைப் பிடுங்கித் திங்கிறியே, இது கையா, அறுப்பு மெஷினா? எந்திரி. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே."

அப்சர் எழுந்தார். நெத்தியெல்லாம் வேர்த்திருந்தது. கையைக் கழுவிட்டு, "அல்வா பதமா இருந்துச்சு மச்சான்"னார். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாத் தெருவுல இறங்கிப் போனார்.

விருந்தாளிகளும் ஒவ்வொருத்தராக் கிளம்பினாங்க. சஹனை எடுக்க சுமையா வந்தாள்.

"பாத்தியாம்மா, கேடுகெட்ட ஜென்மத்தை."

சுமையா குனிஞ்சபடியே சொன்னாள்.

"நான்தான் வாப்பா அவரைக் கூப்பிட்டு அங்கே உட்கார வெச்சேன். நீங்க வைக்கிற இனிப்பு இவங்க வாய்க்குப் போயிடக் கூடாதேன்னு. வாப்பா ஏசுவாங்களே, தாங்குவீங்களா மாமான்னும் கேட்டேன். 'ஏச்சைத் தின்னுடுவேன்மா, அல்வாதான் இறங்காது. எனக்கு இனிப்புன்னாலே ஆகாது'ன்னாரு."

சஹனைத் தூக்கிக்கிட்டு அவள் உள்ளே போயிட்டாள்.