கடைசியாக ஓட்டியவர்

“மச்சான், இஞ்சின் ஒண்ணுக்கே போக மாட்டேங்குது!”

படகுத்துறையிலிருந்து பெர்ட்டி போட்ட கூச்சல், சவுனாக் குளியலுக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த ரெய்யோவின் காதில் விழுந்தது. பெர்ட்டி அவனுடைய தங்கை புருஷன்.

சைமா ஏரிக்கரையில் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே படகு. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஏரி உறைவதற்குள் யார் கடைசியாகப் படகை ஓட்டுகிறாரோ, அவர்தான் அதைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்ய வேண்டும். முழங்கால் அளவு ஜில் தண்ணீரில் நின்று படகைக் கரையேற்றி, கவிழ்த்து, இஞ்சினைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்து, எண்ணெய் மாற்றி... ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விடும். விரல்கள் மரத்துப்போவது தனி.

போன ஞாயிறு ரெய்யோ மீன் ஆசையில் ஒரு சுற்றுப் போய்வந்துவிட்டான். அதற்குப் பிறகு பெர்ட்டி படகில் கால் வைப்பானா? ஆக, இந்த வருஷமும் வேலை ரெய்யோ தலையில். நாளைக்குச் சனிக்கிழமை, டிவியில் ஐஸ் ஹாக்கி வேறு. காலையிலிருந்து ஒவ்வொரு விறகுக்கட்டையையும் திட்டிக்கொண்டே அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நீ எதுக்கு இஞ்சினைத் தொட்டே?” என்று கேட்டபடி துறைக்கு வந்தான்.

“கட்டின கயித்தை அவுக்காமலேதான் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு நீங்க தனியா கஷ்டப்படப் போறீங்களேன்னு ஒரு உதவி. பின்னால ஓட்டையிலேருந்து தண்ணி பீச்சணும்ல? ஒரு சொட்டு வரல.”

ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் இஞ்சின் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பின்பக்கம் தாரை பீச்சினால் எல்லாம் நலம். பீச்சாவிட்டால் இஞ்சின் வெந்துபோகும்.

ரெய்யோ இஞ்சினைச் சாய்த்து, தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைத் தடவினான். ஒரு பாசிக்கொடி வந்தது. மறுபடி இஞ்சினைப் போட்டான். தாரை வரவில்லை.

“பம்புல ரப்பர் தேஞ்சிருக்குமோ?” என்றான் பெர்ட்டி.

“போன வருஷம்தானே புதுசு போட்டோம்? அந்தக் கம்பியை எடு.”

மெல்லிய கம்பியை ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தான். களிமண் உருண்டை ஒன்று உதிர்ந்தது. “ஏதோ குளவி வேலை. போன ஞாயிறு பீச்சுச்சான்னு யாரு பார்த்தா!”

இஞ்சினைக் கிளப்பினான். தாரை கிளம்பியது. அந்த நிமிடம் ரெய்யோவுக்குள் ஒரு பொறி தட்டியது. உடனே இஞ்சினை நிறுத்தி, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டான்.

“வருது. ஆனா நம்ப முடியாது மாப்ள. ஏரிக்குள்ள போய் முழு வேகத்துல ஓட்டினாத்தான் சூடு ஏறுதா இல்லையான்னு தெரியும்.”

“ஒரு பீப்பாய்ல தண்ணி ரொப்பி, அதுல வச்சு ஓட்டினா?”

“பீப்பாயா? இஞ்சின் பாரம் இழுக்க வேணாமா?”

“அப்ப நீங்களே ஒரு சுத்து போயிட்டு வாங்க.”

“கரையில நின்னு தாரையைக் கவனிக்கணும்டா. எவ்வளவு தடிமனா வரணும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாதே,” என்று பெர்ட்டி கம்பளித் தொப்பிக்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்தான்.

அவன் யோசிப்பதற்குள் ரெய்யோ மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்போலப் பொத்தான்களையும் போட்டுவிட்டான். படகு சீறிக்கொண்டு போய், எதிரேயிருந்த தீவைச் சுற்றித் திரும்பியது.

“அருமையா பீச்சுது மச்சான்! கை வச்சுப் பார்த்தேன், சூடே இல்ல!”

“ரொம்ப சந்தோஷம்.” ரெய்யோ பெட்ரோல் டப்பாவின் குழாயைப் பிடுங்கி, டப்பாவைக் கரையில் வைத்து, அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தான். “ஆமா, இந்த வருஷம் படகைக் கடைசியா ஓட்டினது யாரு மாப்ள?”

பெர்ட்டியின் முகம் தொங்கிப்போனது. “அது... அது சும்மா சோதனைக்குத்தானே!”

“ஏரியில ஓடிச்சா இல்லையா?”

“ஓடிச்சு.”

“ஓட்டினது நீதானே?”

“அநியாயம் மச்சான்! தங்கச்சி புருஷன்னு ஒரு இரக்கம் வேணாமா?”

“சட்டம்னா சட்டம். எண்ணெய் கொட்டகையில இருக்கு. கையுறை மட்டும் நீ கொண்டுவந்துக்க.”

பெர்ட்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு கயிற்றைக் கட்டப் போனான். ரெய்யோவுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. எத்தனை வருடக் கணக்கு தீர்ந்திருக்கிறது! அந்த நேரம் பார்த்து அவன் கைப்பேசி அடித்தது.

“சொல்லும்மா!”

“என்னடா, குரல்ல இவ்வளவு குஷி?”

“நாளைக்கு நாள் பூரா நான் சும்மாதாம்மா இருக்கேன்! படகு வேலை உன் மாப்பிள்ளை தலையில!”

“நல்லதாப் போச்சு. அப்ப விடிஞ்சதும் கிளம்பி வந்துடு. புது வீட்டுக்கு எல்லா சாமானும் ஏத்தியாச்சு, என் பியானோ மட்டும் லிஃப்டுல நுழையலைன்னு கீழேயே வச்சுட்டுப் போயிட்டாங்கடா. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முனை பிடிக்கிறேன்னாரு. நாலே மாடிதான்.”

ரெய்யோ டப்பாவிலிருந்து எழுந்தேவிட்டான். “பியானோவா? மாடிப்படியிலயா? பெர்ட்டிகிட்ட கேட்டிருக்கலாமேம்மா!”

“முதல்ல அவருகிட்டதான்டா கேட்டேன். ‘சனிக்கிழமை படகு வேலை என் தலையில வந்து விழுந்துடும் அத்தை, மச்சான்தான் சும்மா இருப்பாரு’ன்னு, பாவம், அவரு நேத்தே சொல்லிட்டாரே!”