கைதட்டல் வராத ஆப்

“உனக்குப் பாடத் தெரியுமாம்மா?”

கல்யாணப் பேச்சு நடந்தபோது, ஐஸ்கிரீம் கடையில் வைத்து வருங்கால மாமியார் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அந்த நேரம் பார்த்துப் பல் கூசி, அவள் தலை தானாக ஆடியது. “தெரியுமாம்!” என்று மாமியார் பூரித்துப் போனார். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாய் மரத்துப் போயிருந்தது.

கல்யாணமாகி வந்த மறுவாரமே அத்தை சட்டம் போட்டுவிட்டார்.

“தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாட்டு சாதகம் பண்ணு. கதவைச் சாத்திக்கோ. நான் ஹால்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். பாதியில எழுந்து வந்துடாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

கணவன் கப்பல் வேலையில் கடல்மேல் இருந்தான். அவளுக்கோ சுருதிப் பெட்டிக்கும் சூட்கேசுக்கும் வித்தியாசம் தெரியாது. கதவைச் சாத்தினாள், போனைப் பாட வைத்தாள், கணக்குப் பாடப் புத்தகத்தை விரித்தாள். பாதியில் விட்ட பள்ளிப் படிப்பைத் தனித்தேர்வாக எழுதி முடிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டதால், பாஸாகும் வரை ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது. மாட்டிக்கொண்டால் பாட்டுப் பொய், படிப்பு ரகசியம் இரண்டும் ஒன்றாகச் சந்தி சிரிக்கும்.

எந்த ஆப்பைப் பாட வைப்பது என்பதில்தான் சிக்கல். அதற்கு நாத்தனாரைப் பிடித்தாள். அவள் வெளியூரில் வேலை பார்ப்பவள், கச்சேரிப் பைத்தியம். இருக்கிற ஆப்புக்கெல்லாம் சந்தா கட்டியிருந்தாள்.

“மயில் படம் போட்ட ஆப்தான் அண்ணி. ராகத்தோட பேரைப் போட்டா போதும், கொட்டும்!”

“போட்டுப் பார்த்தேன். ஆலாபனை ஜோரா போயிட்டிருக்கு, நடுவுல ஒரு ஆம்பளை வந்து கொசு மருந்து விக்கறான்.”

“ஐயோ, ரசபங்கம்!”

ரசபங்கமா? குலைநடுக்கம். கொசு மருந்து விற்று முடித்த கையோடு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து “ஆஹா! சபாஷ்!” என்று அத்தையின் குரல் வந்ததே! குத்தலா, நிஜமா என்று தெரியாமல் அன்றைக்கு அவளுக்கு ஒரு கணக்குகூட ஓடவில்லை.

“அப்போ குடை ஆப்புக்கு மாறுங்க. விளம்பரமே கிடையாது. சத்தம் அவ்வளவு சுத்தமா இருக்கும். சபையில யார் தும்மினாலும் கேட்கும்.”

“அதான் வேண்டாம்கறேன். கைதட்டல் வராத ஆப் எது?”

முந்தின நாள் குடை ஆப்பில் பாட்டு முடிந்ததும், அவள் ஒருத்தி மட்டும் இருந்த அறைக்குள் ஒரு சபையே கைதட்டியிருந்தது.

“கைதட்டல் வராததா?”

“ஆமா. வயலின் மிருதங்கமும் வேண்டாம். வெறும் பொம்பளைக் குரல் போதும். கொஞ்சம் சுமாரா பாடினாக்கூடப் பரவாயில்லை.”

நாத்தனார் உருகிப் போனாள்.

“அண்ணி, நீங்க எவ்வளவு பெரிய ரசிகை! அம்மா சொன்னது சரிதான். உங்க பாட்டை அசையாம உட்கார்ந்து கேட்கறாங்களாம். அந்த நேரத்துல என்னைப் போன்கூடப் பண்ணக் கூடாதுன்னுட்டாங்க.”

அவள் அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

“அப்புறம்… கொஞ்சம் பின்னாடி போய் அதே இடத்தைத் திரும்பப் போடற பட்டன் வேணும். குடையில அமுக்கினா பாட்டே முதல்லேர்ந்து வருது.”

அது ரொம்ப முக்கியம். “அந்த இடத்தை இன்னொரு தடவை பாடு!” என்று ஹாலிலிருந்து அடிக்கடி உத்தரவு வரும்.

“அப்போ கிளி ஆப்தான். வீட்டுல உட்கார்ந்து தம்பூராவோட பாடினதெல்லாம் அதுல இருக்கு. அடுத்த பாட்டு தானா வர்றதை மட்டும் நிறுத்தி வைங்க. இல்லேன்னா நாதஸ்வரம் வந்து நிக்கும்.”

அவள் முதல் வேலையாக அதை நிறுத்தினாள்.

கிளி ஏமாற்றவில்லை. அளவான குரல், நடுவில் ஓர் இருமல்கூட. அந்த இருமலைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைவிட யோக்கியமான சாதகம் எந்த வீட்டில் நடக்கும்? அந்த வாரம் அல்ஜீப்ராவை ஒரு கை பார்த்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். போன் அலறியது. எடுத்தால், “லோன் ஏதாவது வேணுமா மேடம்?”

பதறிப்போய் வெட்டினாள். கிளியைத் தட்டினாள், அது வாயைத் திறக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

வீடு கப்சிப்.

“ஆஹா! என்ன ஒரு குழைவு!” என்றது ஹாலிலிருந்து அத்தையின் குரல்.

அவள் கிளியை இன்னொரு முறை தட்டினாள்.

“அந்த இடத்தை இன்னொரு தடவை பாடு!”

எந்த இடத்தை? இதற்கு மேல் ஒருத்தரைக் குத்திக்காட்ட முடியாது. எல்லாம் தெரிந்துவிட்டது. நாளைக்கு ஒரு நாள் பரீட்சை எழுத விட்டால் போதும், அப்புறம் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம். புத்தகத்தை மார்போடு அணைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“அத்தை, எனக்குப் பாடவே தெரியாது! மன்னிச்சிடுங்க!”

“சபாஷ்! இப்படித்தான் பாடணும்!” என்றது, ஆளில்லாத சோபாவில் தலையணைமேல் சாய்த்து, பதிவு செய்த குரலை ஓடவிட்டு வைத்திருந்த அத்தையின் பழைய போன்.

ஜன்னலுக்கு வெளியே, வாசலில் நின்ற டிரைவிங் ஸ்கூல் எல் போர்டு காரின் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருந்த அத்தை, நிமிர்ந்து அவளையும் அவள் கையிலிருந்த புத்தகத்தையும் ஒரு கணம் பார்த்தார்; பிறகு கியரைப் போட்டு, குலுங்கிக் குலுங்கி ஓட்டிக்கொண்டு போனார்.