இடக்கோடிக்காரர்

பல்கலைக்கழக ஆண்கள் பாடகர் குழுவுக்கு அறுபது வயது. அதன் வரலாற்றை எழுதும் வேலை, ஒரு காலத்தில் அதில் ஒரே வாரம் பாடிய பல் மருத்துவரின் தலையில் விழுந்தது. பழைய பாடகர்களுக்குப் போன் போட்டார். வெவ்வேறு ஆண்டுகளில் வரிசையின் இடக்கோடியில் நின்ற ஒன்பது பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "எனக்கு இடப்பக்கம் நெட்டையா ஒருத்தர் நிப்பாரு. அவர்தான் சுருதி எடுத்துக் கொடுப்பாரு. பேரு தெரியாது."

இடக்கோடிக்கு அப்பால் வெறும் சுவர்தான். அன்று ஒரே வாரத்தில் மருத்துவர் குழுவை விட்டு ஓடிவந்ததும் அந்த இடத்திலிருந்துதான். அதை மட்டும் அவர் எழுதவில்லை.

சாயங்காலம், இப்போது அதே குழுவில் பாடும் மகன் ஒத்திகை முடிந்து வந்தான்.

"என்னை இடக்கோடிக்கு மாத்திட்டாங்கப்பா."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "பக்கத்துல யாருடா?"

"நெட்டையா ஒருத்தர். நீங்க சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களாம். பரவாயில்ல, அதான் மகனை அனுப்பிட்டாரேன்னு சிரிச்சாரு."