ஏழு ஐம்பத்திரண்டு

“என்ரை படத்திலை புள்ளியோ? தேடுங்கோ ரீச்சர், வடிவாத் தேடுங்கோ! ஒண்டு கண்டுபிடிச்சுக் காட்டினியள் எண்டால் நாளைக்கே ஸ்ரூடியோவை இழுத்துப் பூட்டுறன்.”

சிமியோனுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. இருபது வருடமாகப் புகைப்பட ஸ்ரூடியோ நடத்துகிறவர். அவரைக் குருநகரிலிருந்து கொக்குவிலுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, அவர் கழுவிக் கொடுத்த படத்தில் புள்ளி தேடினால் பொறுப்பாரா?

நாகேஸ்வரி ரீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பௌதிக ஆய்வுகூடச் சுவரிலிருந்து இறக்கிய படம், சட்டமும் கண்ணாடியும் கழற்றப்பட்டு மேசையில் கிடந்தது. பூதக்கண்ணாடியை வைத்து அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது வானத்தின் படம். இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு நாள், பள்ளிக்கூட மைதானத்தில் கமெராவை முக்காலியில் நிறுத்தி, ஏழரை முதல் எட்டரை வரை திறந்தபடி விட்டு ரீச்சர் எடுத்தது. கழுவிப் பெரிதாக்கியவர் சிமியோன். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் எல்லாம் கோடு கோடாக விழுந்திருந்தன. அந்த வருட விஞ்ஞானக் கண்காட்சியில் முதற்பரிசு அதற்குத்தான்.

“அண்ணை, நான் உங்களிலை குறை பிடிக்கேல்லை. புள்ளி ஒண்டு இருக்கவேணும் எண்டு பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டெல்லோ தேடுறன்!”

“என்ன விசர்க்கதை ரீச்சர்?”

ரீச்சர் ஒரு சஞ்சிகையை எடுத்துக் காட்டினார். லண்டனிலிருக்கும் தம்பி அனுப்பியது.

“களவா அணுகுண்டு வெடிக்கிற நாட்டைப் பிடிக்கவெண்டு அமெரிக்கன் பூமியைச் சுத்தவெண்டு மேலை செய்மதி விட்டிருக்கிறான். குண்டு வெடிச்சால் காமாக் கதிர் வரும். அதைக் கண்டுபிடிக்கிற செய்மதி. கதிர் வந்ததாம். ஆனால் பூமியிலையிருந்து இல்லை, ஆகாயத்திலையிருந்து!”

“ஆகாயத்திலை ஆர் குண்டு போடுறது?”

“அதுதான் ஒருத்தருக்கும் தெரியாது. சூரியனும் இல்லை, சந்திரனும் இல்லை. எங்கையோ எட்டாத தூரத்திலை ஏதோ ஒண்டு. சில செக்கன் பளிச்செண்டு அடிக்கும். அந்த நேரம் காமாக் கதிரிலை அதை வெல்ல வானத்திலை வேறை ஒண்டும் இல்லையாம். பிறகு பார்த்தால், இருந்த இடமே தெரியாது.”

சிமியோன் கோபத்தை மறந்து வாங்கில் உட்கார்ந்தார். “அதுக்கும் இந்தப் படத்துக்கும் என்ன?”

“வந்த நேரங்களை எல்லாம் போட்டிருக்கிறாங்கள். அதிலை ஒண்டு…” ரீச்சர் சஞ்சிகையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். “நாங்கள் படமெடுத்த அண்டைக்கு, அண்ணை. எங்கடை நேரத்துக்கு மாத்திப் பார்த்தன். ஏழு ஐம்பத்திரண்டு. திசையும் கிட்டத்தட்ட இந்தப் படத்துக்குள்ளைதான்.”

“கமெரா திறந்து கிடந்த நேரம்!”

“ஓம்! அந்தக் கதிர் காத்தைத் தாண்டிக் கீழை வராது. ஆனால் கூடவே கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமும் வந்திருந்தால்? நட்சத்திரம் மணித்தியாலம் முழுக்க நிண்டதாலை கோடு விழுந்தது. செக்கன் கணக்கிலை வந்து போனதுக்குக் கோடு விழ நேரமேது? புள்ளிதான் விழும். உலகத்திலை இன்னும் ஒருத்தரும் அதைக் கண்ணாலை கண்டதில்லை.”

சிமியோன் சிலுவை போட்டுக்கொண்டார்.

மனிதர் பிறக்குமுன்பே புறப்பட்டதோ என்னவோ, ஒரு வெளிச்சம் கொக்குவில் மைதானத்தில் வந்து இறங்கிய நேரம், ரீச்சர் வேலியோரம் நுளம்பு அடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நினைக்க நினைக்க ரீச்சருக்கு உடம்பு புல்லரித்தது.

“நெகட்டிவ் கிடக்கோ அண்ணை?”

“போன மாரியிலை ஸ்ரூடியோவுக்குள்ளை வெள்ளம் வந்ததெல்லோ. எல்லாம் ஒட்டிப்போச்சு. இந்த ஒரு படம்தான் மிச்சம்.”

ரீச்சர் மறுபடி குனிந்தார். கடைசி மூலை வரை பார்த்து முடித்துப் பூதக்கண்ணாடியை மெல்ல வைத்தபோது கண் கலங்கியிருந்தது.

“இல்லை. கோடு மட்டும்தான். எனக்குக் குடுத்து வைக்கேல்லை. அந்த நேரத்திலை கமெரா திறந்து கிடந்தது, ஒண்டும் விழேல்லை எண்டு இந்தச் சஞ்சிகைக்கு எழுதிப் போடுறன். அவங்கள் அதையாவது அறியட்டும்.”

கடிதத்தாளை எடுத்துத் திகதியைப் போட்டார். சிமியோன் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“ரீச்சர், தூசி விழுந்தாலும் புள்ளிதானே? இதை எப்பிடிப் பிரிச்சு அறியிறது?”

“தூசி கோணல்மாணலா இருக்கும், உங்களுக்குத் தெரியாததே? இது நல்ல வட்டமா, ஓரம் கொஞ்சம் பரவி இருக்கும். ஏன் கேக்கிறியள்?”

சிமியோன் எழுந்து போய்க் குழாயடியில் கைலேஞ்சியை நனைத்துப் பிழிந்தார். அதோடு மேசைக்குத் திரும்பி வந்தார்.

“கடிதத்தை எழுதாதேங்கோ ரீச்சர்,” என்று படத்தின் மேல் குனிந்தார். “கண்காட்சிக்குப் போற படம் அப்பழுக்கில்லாமல் இருக்கவேணும் எண்டு, ஒரேயொரு இடத்திலை நான்தான் கறுப்பு மை வைச்சு மூடினனான்.”

ஈரத்துணி பட்டதும் மை கரைந்தது. கோடுகளுக்கு நடுவே, நல்ல வட்டமாய், ஓரம் கொஞ்சம் பரவி, கடுகிலும் சிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று வெளியே வந்தது.