கறுப்பி முதுகில் சிவப்புப் பெயிண்ட்

"பிடிய்யா அதை! வேடிக்கை பார்க்கவா உன்னை வரச் சொன்னேன்?"

மூலத்தோப்புத் தெருவே கிடுகிடுத்தது. வாழைத்தார் வியாபாரி பிச்சமுத்து கத்தினால் ஏலக்கடையே அடங்கிப்போகும். மாநகராட்சி நாய் பிடிக்கும் வண்டிக்கார வீரமலை எம்மாத்திரம்?

"எட்டு வயசுப் புள்ளை! கெண்டைக்கால்ல பல்லு பதிஞ்சிருக்கு!"

"இதுதான் கடிச்சுதுன்னு பார்த்தீங்களா சார்?"

"பார்க்கணுமா? புள்ளை அழுதுகிட்டு வாசல்ல நிக்கிறா, பக்கத்துல இது நிக்குது. வேற யாரு கடிச்சிருப்பா, நீயா?"

தெருநாய் கறுப்பி, பூக்காரி செல்லக்கிளியின் தள்ளுவண்டிக்கடியில் பதுங்கியது.

"எல்லாம் இவ கொடுக்கிற இடம்! தினம் பால் சோறு, பிஸ்கட்டு! ஏம்மா, வெறிநோய் வந்தா என் புள்ளை உசுரை நீ திருப்பித் தருவியா?"

செல்லக்கிளி நிமிரவில்லை. தெருக்குழாயடியில் பிச்சமுத்துவின் மகள் யாழினியை உட்காரவைத்து, காயத்தில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கால் மணி நேரம் விடாமக் கழுவணும்ண்ணே. அப்புறமா நிதானமாத் திட்டுங்க."

"வாயைப் பாரு! யோவ் வீரமலை, அது முதுகுல சிவப்புப் பெயிண்ட் அடிச்சிருக்கே. பிடிக்கணும்னு அடையாளம் போட்டுட்டு, பிடிக்காமத் தூங்குறீங்களா?"

"அது வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அடையாளம் சார். போன மாசம் போட்டோம். இந்தம்மாதான் மடியில போட்டு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க."

"பெயிண்ட்டை எவன் வேணாலும் அடிப்பான்! நாய் வளர்த்தா என்னை மாதிரி வளர்க்கணும்!"

தடதடவென்று வீட்டுக்குள் போய் ஓர் அட்டையோடு வந்தார்.

"பாருய்யா! எங்க டைசனோட ஊசி அட்டை. தேதி, கையெழுத்து, சீல். எல்லாம் சட்டப்படி!"

வீரமலை அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அப்பா..." யாழினி விசும்பினாள். "அடிக்க மாட்டீங்கள்ல?"

"உன்னை ஏம்மா அடிக்கப் போறேன்?"

"கறுப்பி கடிக்கலைப்பா. நம்ம டைசன்தான். ரெண்டு நாளா அது சாப்பிடவே இல்ல, உர்ர்ருன்னே இருக்கு. தட்டை நகர்த்தினேன், கவ்விடுச்சு."



வீரமலை பெருமூச்சு விட்டான். "நல்லவேளை சார், ஊசி போட்ட நாய். எதுக்கும் ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

அவன் சொல்லி முடிப்பதற்குள், பிச்சமுத்து மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூட இல்லாமல் ஓடினார். "ஆட்டோ! ஆட்டோ! நிறுத்துய்யா!"

"அண்ணே, பதறாதீங்க!" பின்னாலேயே ஓடிவந்தாள் செல்லக்கிளி. "அதான் டைசனுக்கு ஊசி போட்டிருக்கீங்களே!"

'வீட்டு நாய்க்கு மருந்து எதுக்குய்யா? சீல் மட்டும் குத்து, பாதிக் காசு வாங்கிக்க' என்று ஊசி போட வந்த ஆளிடம் பிச்சமுத்து பேரம் பேசி வாங்கிய அட்டை, குழாயடிச் சேற்றில் கிடந்தது.