கௌதாரியின் குரல்

பல்செட் கட்டிய பிறகு தவசிக்குக் கௌதாரியின் குரல் வரவில்லை. பனங்குருத்துக் கீற்றை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து ஊதுவார். பறவை நம்பி வரும். இப்போது அண்ணத்தைப் பிளாஸ்டிக் மூடியிருந்தது. கழற்றிவிட்டு ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. பேருந்தில்கூட ஊதிப் பழகினார். "கௌதாரியா மச்சான் இது? முட்டைக்கு முக்குற கோழியால்ல இருக்கு" என்றான் சோலையன். மனைவியின் தம்பி, வேட்டையில் துப்பாக்கி அவனுடையது. "இன்னைக்கும் ஒண்ணும் வரலைன்னா நாளைக்கு வேற ஆளக் கூட்டிக்கிறேன். கோவிச்சுக்காதீக." அன்று மாலை கருவேலங்காட்டில் வழக்கமான புதருக்குள் உட்கார்ந்து ஊதினார். சத்தம் பிசிறியது. தொலைவில் பதுங்கியிருந்த சோலையன் கேட்டுச் சிரிப்பான் என்று தோன்றவும் இருப்புக்கொள்ளவில்லை. அவனிடம் சொல்லாமலே புதர் மாறினார், பிறகு இன்னொன்றுக்குப் போனார். அங்கே கீற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஊதியதும் குரல் திறந்துகொண்டது. பழைய குரலேதான். விடாமல் ஊதினார். சருகு நொறுங்கியது. பறவையின் நடை அல்ல அது. இலைகளுக்கு நடுவே முதலில் துப்பாக்கிக் குழல் தெரிந்தது, அதன் பின்னால் சோலையனின் முகம். அவர் இன்னும் வழக்கமான புதரில்தான் இருக்கிறார் என்று நினைத்து, குரல் வந்த இந்தப் புதரைக் குறிவைத்திருந்தான். "மாப்ள, நான்தான்" என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும். கீற்றைத் துப்புவதற்காக நாக்கைத் தளர்த்தினார். சோலையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதடு லேசாகத் திறந்திருக்க, அடுத்த குரலுக்காகக் காத்திருந்தான். அவர் ஊதி அவன் இப்படிக் காத்திருந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. தவசி நாக்கை மறுபடி அண்ணத்தில் அழுத்தினார்.